ஆவாரம்பட்டையில் ஊறிய மட்டைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஆபீஸுக்கு ஆபீஸ் பூப்பந்து அணி இருந்தது. ஐந்து ஆட்கள், நரம்பு கட்டிய மட்டைகள், ஒரு வலை, ஒரு மஞ்சள் கம்பளிப் பந்து. இவ்வளவு இருந்தால் போதும், ஓர் அணி தயார். எங்களிடமும் இவையெல்லாம் இருந்தன. ஆனால் நாங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்காரர்கள்.

நான் அங்கே ரைட்டர், அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. தோலைக் கையால் தொடாத எனக்கே அந்த வாடை சட்டையோடு ஒட்டிக்கொண்டு வரும். வீட்டுக்குப் போகிற சித்தையன்கோட்டை பஸ்ஸில் கூட்டம் பிதுங்கினாலும் என் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும். வசதிதான், காலை நீட்டிக்கொள்ளலாம். வீட்டில் என் மனைவி, "வாசல் வழியா வராதீங்க, கொல்லைப்பக்கமா போயி குளிச்சிட்டு வாங்க" என்பாள். கல்யாணமான முதல் வாரத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

ஒருமுறை டவுனில் இருந்த ஆட்டத்திடலுக்கு நாங்கள் ஐந்து பேரும் மட்டைகளோடு போனோம். அங்கே தினமும் ஆடுகிறவர்கள் ஒரு சர்க்கார் ஆபீஸ்காரர்கள். அவர்களுடைய ஹெட்கிளார்க்தான் அணித்தலைவர். மரியாதையாகத்தான் பேசினார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினார், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஆள் நிறைய இருக்கு. இன்னொரு நாள் பாக்கலாமே" என்றார்.

திடலில் அவரையும் சேர்த்து நாலு பேர் நின்றார்கள். எனக்கு மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. ஏதாவது சொல்லியிருப்பேன், எங்கள் லாரி டிரைவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அந்தக் கைக்குட்டையைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஷாப்பின் பின்பக்கத்து முற்றத்தைக் கேட்டு வாங்கினோம். பகலில் அங்கே தோல் காயும். சாயங்காலம் தோலை எல்லாம் உள்ளே அள்ளிப் போட்டதும் இடம் எங்களுக்கு. சுண்ணாம்புக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? தோலில் மயிர் கழல ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு வாளி மொண்டு வந்து கோடு போட்டோம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மதில். திருடனுக்காகவும் நாய்க்காகவும் கட்டியது. அதற்குள் நாங்கள் எவ்வளவு வாடையோடு வேண்டுமானாலும் ஆடலாம், எவனும் மூக்கைப் பொத்த மாட்டான். நாள் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன்.

ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி ஆபீஸ்களுக்கும் ஷாப்புகளுக்குமாகப் போட்டி வைத்தார்கள். முதல் ஆட்டமே எங்களுக்கும் அந்த ஹெட்கிளார்க் அணிக்கும். சந்தோஷத்தில் நான் மேஜையைத் தட்டினேன். அதே வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் டவுனில் பெயர் பெற்ற தோல் வியாபாரி, பொழுதுக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு, யாரிடமும் குரலை உயர்த்தாமல் பேசுபவர்.

"தம்பி, மழை வந்தா ஆவாரம்பட்டை பூரா நனைஞ்சு வீணாப்போவுது. பின்பக்கத்துல ஷெட்டு போடலாம்னு இருக்கேன்."

என் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"சரி, ஒண்ணு செய்வோம். அந்த ஆட்டத்தை ஜெயிச்சுட்டு வாங்க, இடம் உங்களுக்குத்தான். தோத்தவங்களுக்கு இடம் இல்லை. திங்கக்கிழமை செங்கல் வந்துரும்."

அவ்வளவுதான், எங்களுக்குத் தூக்கம் போயிற்று. டிரைவரைப் பின்னால் நிறுத்தினோம். தோல் தரம் பிரிக்கும் அண்ணன் தம்பி இருவரும் வலையோரம். நான் பக்கவாட்டில். நடுவில் நின்று மொத்த ஆட்டத்தையும் தாங்குகிறவர் தொட்டி மேஸ்திரி. தோலைப் பட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பதம் பார்க்கிற வேலை அவருடையது. கை அடிமரம் போல இருக்கும். அவர் அடிக்கிற பந்து எதிர்ப்பக்கம் போய் விழுவதற்குள் 'போச்சு' என்று நாங்கள் பெருமூச்சு விடுவோம், ஏனென்றால் பாதி நேரம் அது மதிலைத் தாண்டிவிடும்.

மேஸ்திரிக்கு உலகத்தில் ஒரே ஒரு நம்பிக்கை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறினால் எதுவும் உறுதியாகும். கட்டில் கயிற்றை ஊறப்போடுவார். குடைத் துணியை ஊறப்போடுவார். முழங்கால் வலித்தால் காலையே தொட்டிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பட்டைத் தண்ணிக்கு மிஞ்சின மருந்து எது ரைட்டரே?" என்று கேட்பார். பதில் சொல்லித் தப்பித்தவர் யாருமில்லை, அப்படி ஒரு பேச்சு.

எங்கள் பெரிய கவலை மட்டையின் நரம்புதான். ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு. மேஸ்திரியின் அடிக்கு அது இரண்டு நாளைக்கு ஒருமுறை 'டொய்ங்' என்று அறுந்துவிடும். மறுபடி கட்ட மதுரைக்குத்தான் போக வேண்டும். போட்டி நெருங்க நெருங்க, பந்தை அடிக்கவே பயந்து தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி சொன்னார்: "பேட்டை எல்லாம் எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமை நேரா கிரவுண்டுக்குக் கொண்டு வாரேன். நரம்பு அறுந்தா என்னைக் கேளுங்க."

அவருக்குத் தெரிந்த யாரோ நரம்பை இழுத்துக் கட்டித் தரப்போகிறார்கள் என்று நினைத்து நாங்களும் கொடுத்தோம்.

ஞாயிறு சாயங்காலம் பள்ளிக்கூடத் திடலில் மேற்குக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி சாக்கை அவிழ்த்தார். உள்ளே எங்கள் ஐந்து மட்டைகளும் செக்கச்செவேல் என்று மினுங்கின. நாங்கள் யார் என்று திடலுக்கே தெரிந்திருக்கும். அப்படி ஒரு வாசம். நான் ஒன்றை எடுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். மெத்தென்று உள்ளே போயிற்று.

"மேஸ்திரி, என்ன செஞ்சீங்க?"

"ரெண்டு நாளு பட்டைத் தண்ணி, அப்புறம் புங்கெண்ணெய். நரம்பும் ஆட்டுக்குடல்தானே ரைட்டரே? தோலுக்கு ஆகுறது குடலுக்கு ஆகாதா? இனிமே இழுத்துப் பாருங்க, ஆனை கட்டினாலும் அறாது."

அது உண்மைதான். அறாது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடலாம். பந்து அடிக்கத்தான் ஆகாது. நான் கத்திய கத்தலில் நடுவரே திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி குழந்தையைத் தூங்க வைப்பதுபோலத் தன் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரவல் மட்டை கேட்கலாம் என்றால் யார் தருவார்கள் எங்களுக்கு? அதையே எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

முதல் கேமில் நாங்கள் அடித்தது ஒன்றும் வலைவரைக்கும் போகவில்லை. போனதையும் காற்று கொண்டுபோயிற்று. மதிலுக்குள்ளேயே ஆடிப் பழகிய எங்களுக்குக் காற்று என்று ஒன்று இருப்பதே மறந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இரண்டாவது கேமில் முழு பலத்தையும் போட்டு வீசினோம். அப்போதுதான் வேடிக்கை நடந்தது. மேஸ்திரி ஓங்கி அடிப்பார், எதிராளிகள் ஐந்து பேரும் பின்னால் ஓடுவார்கள், பந்து அசதியாக வலையைத் தாண்டி அந்தப் பக்கம் பொத்தென்று விழும். இப்படியே அந்த கேமை ஜெயித்தோம்! மூன்றாவதில் அவர்கள் விழித்துக்கொண்டார்கள். கடைசிவரை இழுத்துப்பிடித்தோம், கடைசிப் பந்தைக் காற்று கோட்டுக்கு வெளியே தள்ளியது. தோற்றோம்.

எங்கள் முற்றம் போயிற்று என்பதுதான் என் நெஞ்சில் இருந்தது. அழுகைகூட வந்தது, புழுதி விழுந்ததுபோலத் துடைத்துக்கொண்டேன். அப்போது ஹெட்கிளார்க் வந்து என் மட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். இடது கை கைக்குட்டையோடு மூக்கில்.

"இதை எதுல நனைச்சீங்க?"

சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கு மறுபடி மண்டைக்கு ஏறியது.

"நாளைக்கு வந்து தொட்டியைப் பாருங்க சார். மூக்கைப் பிடிச்சிக்கிட்டே வாங்க, பரவாயில்லை" என்றேன்.

வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை சொன்னபடி செங்கல் வந்து இறங்கியது. சாயங்காலம் நாங்கள் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஹெட்கிளார்க் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். திடலுக்குப் போகிற வழியாம், மட்டை கேரியரில் இருந்தது. முகத்தில் கைக்குட்டை. தொட்டியை எட்டிப் பார்த்தார், மேஸ்திரியின் விளக்கத்தை முழுக்கக் கேட்டார், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எங்கள் கோடுகளைப் பார்த்து நின்றுவிட்டார். வெளியே புளியமரம் பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மதிலுக்குள் ஓர் இலை அசையவில்லை.

"இங்க காத்தே இல்லையே!"

"இல்லை சார். வாடை மட்டும்தான்" என்றேன்.

"ஆடி மாசம் பூரா அங்க பந்து நிக்க மாட்டேங்குது. செத்த நேரம் போட்டுப் பாக்கலாமா?"

வலையை மறுபடி கட்டினோம். மேஸ்திரி பந்தை நீட்டினார். சர்வீஸ் போட ஒரு கையில் பந்து, ஒரு கையில் மட்டை வேண்டும். ஹெட்கிளார்க் ஒரு கணம் யோசித்தார். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பந்தைப் போட்டார்.

இருட்டும்வரை ஆடினோம். தொழுகை முடிந்து வந்த முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஷெட்டு போட வந்திருந்த கொத்தனார் அவரிடம் போய், நாளைக்கு அஸ்திவாரம் தோண்டலாமா என்று கேட்டார்.

"தோத்தவங்களுக்கு இடம் இல்லைன்னுதானே சொன்னேன்? ஜெயிச்சவரு வந்து ஆடிக்கிட்டு இருக்காரு, எப்படித் தோண்டுறது? செங்கலைத் தெருப்பக்கமா மாத்துங்க."

அத்தனை செங்கலையும் மறுநாள் நாங்கள்தான் சுமந்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சுமந்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை புறப்படும்போது ஹெட்கிளார்க் கைக்குட்டையை வெளியே எடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அவர் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டு அதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். "நாளைக்கு எங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வரவா?" என்று கேட்டார். நான் வேகவேகமாகத் தலையை ஆட்டினேன்.

மேஸ்திரிக்கு அது போதவில்லை. சைக்கிள் கேரியரில் இருந்த மட்டையைப் பார்த்தபடி முன்னால் வந்தார்.

"சார், அந்தப் பேட்டைக் குடுத்துட்டுப் போங்க. ரெண்டே நாளு, ஊறப்போட்டுத் தாரேன்."