படத்தில் நின்ற காளையும் கண்டக்டரும்

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிவிட்டு மாடு மேய்க்கப் போனவள் என்பதால் எல்லோரும் அவளை டிரைவரக்கா என்றே கூப்பிட்டார்கள். மாமியார் விட்டுப்போன மேட்டு மாடுகள் ஒன்பது இருந்தன. பாறைச் சரிவில் முட்செடியைத் தின்று, மழையில் நனைந்து, யார் துணையும் இல்லாமல் கன்று போடும் இனம். பக்கத்துப் பண்ணைக்காரரின் மாடுகள் மின்விசிறிக்கு அடியில் நின்றன. ஒன்று தும்மினாலும் அவர் செல்போன் அலறும். டிரைவரக்காவின் மாடுகள் தும்மினால் தும்மின, அவ்வளவுதான்.

அவளுடைய பொலிகாளைக்குப் பெயர் கண்டக்டர். எந்நேரமும் மற்ற மாடுகளைப் பின்னாலிருந்து முட்டி உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பான். அவன்மேல் அவளுக்கு உயிர். கணவரே இதைக் கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொள்வார்.

அந்தக் கண்டக்டருக்குத்தான் ஆபத்து வந்தது. மேட்டு மாடு வளர்ப்போர் சங்கம் இனத்தைக் காக்கிறேன் பேர்வழி என்று ஒரு விதிப்புத்தகம் போட்டிருந்தது. அருங்காட்சியகத்தில் இருநூறு வருடப் பழைய ஓவியம் ஒன்றில் ஒரு மேட்டுக் காளை நிற்கிறது. சங்கத்துப் பெரிய மனிதர்கள் அதன்மேல் ஸ்கேலை வைத்து, உடம்பு இவ்வளவு, கால் இவ்வளவு, தலை இவ்வளவு என்று எழுதிக்கொண்டார்கள். நிஜ மாட்டைப் போய்ப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அளவை வைத்து நடக்கும் ஆய்வில் மூன்று முறை தேறாத காளைக்குக் காயடித்துவிட வேண்டும் என்பது கடைசி விதி. கண்டக்டர் இரண்டு முறை தேறவில்லை.

மூன்றாவது ஆய்வுக்கு முந்தின வாரம் அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த ஓவியத்தைப் பார்க்கப் போனாள். பீரோவைப் படுக்கப்போட்டு நாலு குட்டைப் பென்சிலைச் சொருகியதுபோல் ஓர் உடம்பு. முன்னால் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு தலை.

"என்னங்க இது கொடுமை?" என்று காவலாளியிடம் கேட்டாள்.

"மாட்டுச் சொந்தக்காரர் கேட்டபடி வரையறதுதாங்க. மாடு எவ்வளவு குண்டோ அவ்வளவு கௌரவம். உள்ளபடி வரைஞ்சா அடுத்த வேலை கிடைக்காது."

அவள் படத்தை முறைத்தாள். என்றைக்கோ செத்துப்போன எவனோ ஒருவனின் ஜம்பத்துக்கு இவள் கண்டக்டரா பலி?

ஆய்வாளர் வந்தார். ஒரு கையில் டேப், மறு கையில் ஓவியத்தின் நகல். காளையைச் சுற்றிச் சுற்றி அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கால் ரொம்ப நீளங்க. தலையும் பெருசு. தொப்பையே இல்ல. மன்னிச்சுக்கங்க, அக்கா."

அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கண்டக்டர் பசுக்கள் நின்ற சரிவில் இறங்கிப் போனான்.

"படத்துல இருக்கறதுதான் அசலா, சார்?"

"அதுல என்ன சந்தேகம்? இன்னிக்கு இருக்கற மேட்டு மாடு எல்லாமே அதோட வாரிசுதான்."

"சார், நீங்க மாட்டு டாக்டருக்குப் படிச்சவரு. வெக்கப்படாம சொல்லுங்க. இந்தக் காலையும் இந்தத் தொப்பையையும் வெச்சுக்கிட்டு இவரு பசு மேல ஏறுவாரா?"

ஆய்வாளர் படத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். காது இரண்டும் சிவந்தன.

"கஷ்டந்தாங்க."

"அப்ப வாரிசு எப்படிங்க வந்துச்சு?"

கீழே சரிவில் கண்டக்டர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் வேலையைத் தொடங்கியிருந்தான். ஆய்வாளர் அதை முழுசாகப் பார்த்தார், படிப்பு அப்படி. பிறகு படிவத்தை முழங்காலில் வைத்து, 'தேர்ச்சி' என்று எழுதினார்.

டிரைவரக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள்.