முந்நூற்றுப் பதினான்காம் டோக்கன் ஆடிய சீசன்

1. பதவி வந்தது

மில்லின் டைம் ஆபீஸில், ஆட்களின் வருகையை மஸ்டரில் குறிக்கும் வேலையில் எனக்கு எட்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மேனேஜர் ஆள் அனுப்பினார். மஸ்டரில் எதையோ கோட்டை விட்டுவிட்டேன் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன்.

"உனக்கு வாலிபால் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவனெல்லாம் டீமுக்குள்ள கோஷ்டி கட்டறான். இனிமேல் நீதான் டீம் மேனேஜர்."

இப்படித்தான் பந்துக்கு எந்தப் பக்கம் காற்றடிப்பது என்று தெரியாத நான், கோயமுத்தூர் மில்களுக்கு இடையிலான முதல் டிவிஷன் லீகில் ஒரு டீமுக்கு மேனேஜர் ஆனேன். அறுபதுகளின் தொடக்கம் அது. டிவிஷனில் எட்டு மில்கள், ஒவ்வொன்றோடும் இரண்டு ஆட்டம். கடைசியில் நிற்கிற டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் மில் தொழிலாளிகள். காலை ஷிப்டு பார்த்துவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சோடு நாலு மணிக்கு மைதானத்தில் இருப்பார்கள். எங்களுக்குப் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷின் மாட்டிக் கொடுக்க வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல ஹேண்ட்பால் இப்படித்தான். ஃபேக்டரி ஃபிட்டர்தான் கோல்கீப்பர்" என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் முதலாளிக்கு லீக் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

என் வேலை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஆடுகிறவர்களின் பெயர், டோக்கன் நம்பர், டிபார்ட்மெண்ட் எழுதி, "இவர்கள் எங்கள் மில் தொழிலாளர்கள்" என்று கையெழுத்துப் போட்டு எதிர் டீம் மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். வெளியாளைக் கொண்டுவந்து ஆடவைத்தால் அந்த ஆள் ஆடிய எல்லா ஆட்டத்தின் பாயிண்ட்டும் போய்விடும்.

இதற்கு என்னைவிட யோக்கியமான ஆள் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணூறு பேரின் நம்பர் எனக்கு மனப்பாடம். டைம் ஆபீஸ் ஜன்னல் என்பது இடுப்பு உயரத்தில் ஒரு சின்னப் பொந்து. வெளியிலிருந்து நம்பர் சொல்வார்கள், ஒரு கை உள்ளே வரும், பித்தளை டோக்கனை அந்தக் கையில் வைப்பேன். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் நாற்காலியை விட்டு இறங்கிக் குனிய வேண்டும். எட்டு வருஷத்தில் நான் குனிந்ததே இல்லை.

2. டேப் வரதராஜுலு

லீகில் எல்லோரும் பயப்பட்ட ஒரு மேனேஜர் வரதராஜுலு. ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு பெரிய மில்லில் அவரும் டைம் ஆபீஸ்தான். சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். எந்த மைதானத்துக்குப் போனாலும் நெட்டின் உயரத்தை மூன்று இடத்தில் அளப்பார். எங்கள் மைதானத்தில் முக்கால் அங்குலம் குறைகிறது என்று அரை மணி நேரம் ஆட்டத்தை நிறுத்திவைத்தார்.

"ஏனுங்க, முக்கால் அங்குலத்துல என்னங்க ஆயிரப்போவுது?" என்று கேட்டேன்.

"முக்கால் அங்குலம் கொறைஞ்சாப் பரவாயில்லைன்னா, நாளைக்கு முக்கால் அடிக்கும் இதேதானுங்களே சொல்லுவீங்க?"

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அன்றைக்கு எங்களைத் தோற்கடித்துவிட்டு, போகும்போது மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வேறு போனார். அது இன்னும் எரிந்தது.

3. எங்கள் ஸ்மாஷ்

சீசனின் நடுவில் எங்கள் டீமுக்கு ஒரு ஆள் கிடைத்தான். கேப்டன் கிட்டுசாமி ஒர்க்ஷாப் ஃபிட்டர். அவர்தான் வந்து, "ரிங் ஃபிரேம்ல முந்நூத்திப் பதினாலுங்க, என்ன ஒசரம் எகிர்றான்னு வந்து பாருங்க" என்றார். மஸ்டரைப் புரட்டினேன். 314, சுப்பிரமணி, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்ட், பெர்மனெண்ட், கருமத்தம்பட்டிப் பக்கம். லிஸ்ட்டில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் அடித்தால் பந்து தரையைக் கிழிப்பதுபோல் இறங்கும். கடைசி இடத்தில் கிடந்த நாங்கள் மூன்று ஆட்டம் ஜெயித்து மேலே ஏறினோம். மைதானத்தில் மற்றவர்கள் அவனை "நாச்சி, நாச்சி" என்று கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் மஸ்டரில் ஒரு பெயரும் வாசலில் ஒரு பெயரும் இருப்பது ஒன்றும் அதிசயமில்லையே!

4. ஜன்னலில் ஒரு முகம்

கடைசி ஆட்டம் வரதராஜுலு டீமோடு. அதில் ஜெயித்தால் டிவிஷனில் நிலைப்பது உறுதி, தோற்றால் மயிரிழையில்தான் தப்ப வேண்டும். அன்று காலை ஷிப்டுக்கு "முந்நூத்திப் பதினாலு" என்று குரல் கேட்டது. டோக்கனை நீட்டினேன். கை அதை வாங்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முகம் குனிந்து பொந்து வழியாக உள்ளே பார்த்தது. மீசை வைத்த, குட்டையான, நான் பார்த்தே இராத ஒரு ஆள்.

"கும்புடறனுங்க. நாந்தானுங்க சுப்பிரமணி. ஒடம்பு தேறிருச்சு, இன்னைல இருந்து நானே வாரனுங்க."

பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் பொள்ளாச்சிச் சந்தையில் மாடு முட்டி அவருக்கு இடது கை ஒடிந்திருக்கிறது. நீண்ட நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று பயந்து, தம்பி நாச்சிமுத்துவைத் தன் டோக்கனில் அனுப்பியிருக்கிறார். டிபார்ட்மெண்ட் மேஸ்திரி கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். டீமில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்துதான் நடக்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்!

"ஏப்பா, ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா மெடிக்கல் லீவு போட்டுக் குடுத்திருப்பனே!"

"உங்க பொந்துல நின்னு எப்படிங்க இத்தனையும் பேசறது? பின்னால நூறு பேரு நிக்கறாங்க."

அவர் மேல் வந்த கோபம் என் மேலேயே திரும்பியது. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஷிப்டு முடிவிலும் பக்கத்துக் கதவை அரை மணி நேரம் திறந்து வைத்து உட்கார்ந்தேன். ரிட்டையர் ஆகும் வரை அதை விடவில்லை. இப்போது டைம் ஆபீஸில் இருக்கிற தம்பிகளுக்கும் அதையே சொல்வேன். நம்பரைத் தெரிந்துவைத்திருப்பது ஆளைத் தெரிந்துவைத்திருப்பது ஆகாது.

ஆனால் அன்றைக்கு அந்த ஞானத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வெளியே தெரிந்தால் டோக்கனை மாற்றிக் கொடுத்ததற்கு அண்ணன் வேலை போகும். அந்த வீட்டில் மில் சம்பளம் ஒன்றுதான். பொய்யாகக் கையெழுத்துப் போட்டவன் என்று என் வேலையும் போகலாம். கேட்கலாம் என்றால் மேனேஜர் முதலாளியோடு வால்பாறை எஸ்டேட்டுக்குப் போயிருந்தார்.

கிட்டுசாமியிடம் போனேன். "இன்னைக்கு ஒரு நாளுங்க. நாச்சியே ஆடட்டும். நாளைக்கு எல்லாம் சரியாப் போயிரும்" என்றார்.

தெரியாமல் போட்ட கையெழுத்து எத்தனையோ. தெரிந்துகொண்டே போட என்னால் முடியவில்லை. நான் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. பயம்தான்.

"லிஸ்ட்ல எம்பேருதானுங்களே இருக்குது? நானே ஆடறனுங்க" என்றார் சுப்பிரமணி.

"வாலிபால் தெரியுமா?"

"தெரியாதுங்க. எம்பேர்ல தம்பி ஜெயிச்சான், எம்பேர்ல நானே தோத்துக்கறனுங்க."

5. ஆட்டம்

லிஸ்ட்டை வாங்கிய வரதராஜுலு எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சுப்பிரமணியிடம் வந்ததும் நின்றார்.

"ஏனுங்க, இந்த முந்நூத்திப் பதினாலு உங்க போன ஆட்டத்துல நான் பாத்தப்போ ஒரு மொழம் ஒசரமா இருந்தாருங்களே?"

அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முக்கால் அங்குலத்தைக் கண்டுபிடித்த ஆளிடம் ஒரு முழத்தை எங்கே மறைப்பது? அவர் கேட்டுக்கொண்டே டேப்பைச் சுருட்டினார். நாச்சிமுத்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான்.

"அந்தத் தம்பி பேரு?"

"நாச்சிமுத்துங்க."

டைரியை எடுத்து எழுதிக்கொண்டார். ஊரையும் எழுதினார். புகார் கொடுக்கத்தான் எழுதுகிறார், நான் தீர்ந்தேன் என்று நினைத்தேன்.

"ஆட்டத்த ஆரம்பிக்கலாமுங்க" என்றார்.

நேர் செட்டில் தோற்றோம். சுப்பிரமணி போட்ட சர்வீஸ் எல்லாம் நெட்டிலேயே முடிந்தது. ஒன்று மட்டும் தாண்டியது, எதிர் டீம்காரர்களே கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்ததும் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சத்தம் போட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டு இன்னும் அதிகமாகச் சத்தம் போட்டார். பிறகு சுப்பிரமணியை வார்னிங்கோடு விட்டுவிடச் சொன்னார். "அந்த மூணு ஆட்டமும் நமக்கு வேண்டாம்னு லீகுக்கு லெட்டர் எழுது. எழுதிட்டு நீயே கையெழுத்துப் போடு" என்றார். என் கையெழுத்தாலேயே எங்கள் மில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கிட்டுசாமி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அவர் எழுந்துபோவார்.

6. சைக்கிளில் வந்தவர்

இரண்டு வாரம் கழித்து வரதராஜுலு சைக்கிளில் எங்கள் மில் கேட்டுக்கு வந்தார். இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று எரிச்சலோடு போனேன்.

"அந்த நாச்சிமுத்துவக் கொஞ்சம் எங்ககிட்டத் தாட்டி உடுங்க. எங்க மில்லுல ரிங் ஃபிரேமுக்கு ஆள் எடுக்கறாங்க. நான் சொல்லி வெச்சிருக்கறனுங்க."

என்னால் நம்ப முடியவில்லை. "டோக்கன் மாத்தி வந்தவனுங்க அவன். நீங்க போயி..."

"மஸ்டர் பாக்கறவரு நீங்க, உங்களையே கேக்கறேன். அந்த மூணு மாசத்துல முந்நூத்திப் பதினாலு ஒரு நாள் ஆப்செண்ட் உண்டுங்களா?"

யோசிக்கவே தேவையில்லை. "இல்லைங்க."

"அண்ணம்பேரு கெடக்கூடாதுன்னு அப்படி ஒழைச்சவன் சொந்தப் பேருக்கு ஒழைக்க மாட்டானுங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சீசன் முழுக்க அந்த மனுஷனைத் திட்டிய வாயாலேயே டீ சாப்பிடச் சொன்னேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒழுங்காக நன்றி சொல்லக்கூட விடவில்லை.

அடுத்த சீசன் முதல் டிவிஷனில் எங்களுக்கு வேலை இல்லை. ஆனாலும் முதல் ஆட்டத்துக்குப் போய்க் கூட்டத்தில் நின்றேன். வரதராஜுலு டீமின் பெயர்களை மைக்கில் படித்தார்கள். நாலாவதாக "கே. நாச்சிமுத்து, ரிங் ஃபிரேம்" என்றார்கள். உயரமான அந்த ஆள் ஒரு அடி முன்னால் வந்து நின்றான். கைதட்டினேன், நிறுத்த முடியவில்லை. அடுத்த மூன்று பெயர்களைப் படிக்கும்போதும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"மெதுவாத் தட்டுங்க, கை வீங்கிரும்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. திரும்பினால் கிட்டுசாமி. சொல்லிவிட்டு அவரும் தட்ட ஆரம்பித்தார்.