என் இருக்கைக்கு அடியில் பேட்டரி

இதயக் குழாயில் அடைப்பு எடுத்த பிறகு டாக்டர் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: தினமும் அரை மணி நேரமாவது காலுக்கு வேலை கொடுங்கள். இவர் என்ன செய்தார்? நடக்காமல் இருப்பதற்கென்றே கார் மாதிரி ஒரு கெரேத்தா கட்டினார்.

பிறையில் உள்ள தொழிற்சாலையில் முப்பது வருஷம் மோட்டார் பழுது பார்த்த கை, சும்மா இருக்குமா? நான்கு சைக்கிள் சக்கரம், கூரையில் சோலார் தகடு, என் இருக்கைக்கு அடியில் பேட்டரி. ஆளுக்கு ஒரு ஜோடி மிதியும் உண்டு. "அது சும்மா எமர்ஜென்சிக்குத்தான்லா," என்றார். காலை ஆட்டாமலே காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மூச்சு கொஞ்சம் மாறினாலும் என் தூக்கம் போய்விடும், இவருக்கோ சொகுசு!

ஒரு நாள் அவர் செருப்பு மாட்டும் நேரத்தில் பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டேன். தகடு மட்டும் தரும் மின்சாரம் ஒரு காற்றாடிக்குத்தான் காணும். மனிதர் மிதித்தார், வியர்த்தார், மேகத்தைத் திட்டினார். வீடு திரும்பியதும் சத்தமில்லாமல் செருகி வைத்துவிடுவேன். "பேட்டரி ஃபுல்லா இருக்கே, என்னா கோளாறுன்னே தெரியலையே!" என்று தலையைச் சொறிவார். இரண்டு வாரம் இப்படியே ஓட்டினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கிளம்பினோம். அன்றும் வயரைப் பிடுங்கியிருந்தேன்; ஏற்றத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பாதி வழியில் அவர் பேச்சு நின்றது. பார்த்தால் உதடு வெளுத்திருக்கிறது, ஒரு கை நெஞ்சில். ஐயோ, நானே கொன்றுவிட்டேனே!

"மிதிக்காதீங்க! காலை எடுங்க!" என்று கத்திக்கொண்டே இருக்கைக்கு அடியில் துழாவினேன். வயர் இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை மாட்டியது. வண்டி ஜிவ்வென்று ஏறியது.

மேலே நிழலில் தண்ணீர் குடித்த பிறகுதான் அவர் முகத்தில் நிறம் திரும்பியது.

"மேகம் போயிருச்சி போல," என்று அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பிறகு கிரீஸ் அப்பிய என் விரலைப் பார்த்தார். அவசரமாக முந்தானையில் துடைத்தேன்.

மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பயப்பட ஒன்றுமில்லை, சமதரையில் மிதிக்கட்டும், ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார்.

டாக்டர் சொன்னாலும் எனக்குப் பயம் போகவில்லை; அதற்கு அடுத்த நாள் காலை வயரை இறுக்கி வைக்க வாசலுக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். வயர் கழன்று கிடந்தது. அதன் முனையை எடுத்து என் கையில் வைத்தார்.

"நேர் ரோட்டுல நான் மிதிக்கிறேன். ஏத்தம் வந்தா நீ செருகு. ஆனா இனிமே எங்கிட்ட சொல்லிட்டு செய்லா."