சுனாமி என்று ஒரு கணக்கு

போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு நான் இணையத்தளங்கள் செய்து கொடுத்துவந்தேன். சேர்வரில் மொத்தமாக இடம் வாடகைக்கு எடுத்து, அதைச் சிறு சிறு கணக்குகளாகப் பிரித்து, கல்முனைப் பக்கத்துக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுப்பேன். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல். பெரும்பாலானவர்கள் அவற்றை என்னிடமே விட்டுவிட்டு மறந்துபோவார்கள்.

ஒரு நாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, மருதமுனையில் சாரம் என்னும் கைலிகளும் சேலைகளும் நெய்யும் பெண்கள் குழுவின் தலைவி ஆட்டோவில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். என் உம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அக்கா முறையில் நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். பெட்டியை என் மேசையில் வைத்தார்.

“தொறந்து பாரு புள்ள.”

உள்ளே பழைய சட்டைகள், காற்சட்டைகள், முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை ஒன்று.

“இது என்ன ராத்தா?”

“நான் துணி விக்கிறவள். எனக்கிட்ட மூணு சாரம் கேட்ட மனிசி, எனக்கு உடுப்பு அனுப்பியிரிக்கா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் உட்காரவில்லை.

அந்தக் குழுவின் கதை எனக்குத் தெரியும். கடல் வந்த அன்று வீடுகளோடு தறிகளும் போயின. முகாமில் இருந்தபோது ஒரு உதவி நிறுவனம் புதிய தறிகள் கொடுத்தது. விற்பனைக்கென்று ஓர் இணையத்தளமும் செய்து கொடுத்தது. அவர்களுடைய திட்டம் முடிந்ததும் தளம் என் கைக்கு வந்தது. தளத்தின் முகவரி நல்ல முகவரிதான். ஆனால் கணக்கைத் திறந்தவர் அதன் பயனர் பெயராக ‘சுனாமி’ என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார். கன்ட்ரோல் பெனலுக்குள் நுழையும்போது மட்டும் தேவைப்படும் பெயர். வெளியில் யாருக்கும் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பிறகுதான் கவனித்தேன். யாராவது சாரத்துக்கு ஓடர் கொடுத்தால், கிடைத்தது என்று சேர்வர் தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அனுப்பியவர் என்ற இடத்தில் அந்தப் பயனர் பெயர்தான் முன்னால் நிற்கும். குளிர் தேசத்தில் இருந்து உடுப்பு அனுப்பிய அந்தப் பெண் அதைப் பார்த்திருக்கிறார். சாரம் வேண்டாம், காசை வைத்துக்கொள்ளுங்கள், உடுப்பு அனுப்புகிறேன் என்று அன்பாக எழுதியுமிருந்தார். அவரைக் குறை சொல்ல வழியில்லை.

“எங்கட ஆக்கள் மௌத்தானதுக்கு நாங்க அழுதம். இன்னும் அழுறம்,” என்றார் ராத்தா. “அது எங்கட வீட்டுக்குள்ள. சாரம் வாங்குற ஆளுக்கு என்னத்துக்கு அது? ஒனக்கு அந்தப் பேர மாத்த ஏலுமா?”

“ஏலும். ஒங்கட பக்கத்தால ஏலாது, நான்தான் மாத்தணும். நீங்க புதுப் பேர் ஒண்டு சொல்லுங்க.”

அடுத்த நாள் காலையில் ராத்தா குழுவில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருத்தி வாய் ஓயாதவள். மற்றவள் என் வயதுக்காரி. தறிக்கு நீளநூல் இழுக்கும் பாவு ஓடும் வேலை அவளுடையது. வந்து கதவருகில் உட்கார்ந்தாள்.

பயனர் பெயருக்கு எட்டு எழுத்துத்தான் இடம், இங்கிலீசில், இடைவெளி இல்லாமல் என்றேன். மருதமுனை என்று போடச் சொன்னார்கள், கொள்ளவில்லை. ராத்தாவின் பெயரையே வைக்கலாம் என்றாள் அந்த வாயாடி. “நான் என்ன கடை முதலாளியா?” என்று ராத்தா மறுத்துவிட்டார். கடைசியில் ‘கைத்தறி’ என்றார்கள். அடித்துப் பார்த்தேன். அளவாக வந்தது.

அப்போதுதான் கதவருகில் இருந்தவள் கேட்டாள்.

“பேர மாத்தினா பழைய பக்கமெல்லாம் போயிருமா?”

“போகாது.”

“என்ட மகளுட படம் அதுலதான் இரிக்கி. வேற எங்கயும் இல்ல.”

அந்தப் பக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகாம் படங்களுக்கு நடுவில், வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாக ஒரு சிறுமி. மணலில் கண்டெடுத்த பள்ளிக்கூடப் படம் அது. உதவி நிறுவனத்து ஆள் யாரோ அதை ஸ்கேன் பண்ணித் தளத்தில் போட்டிருக்கிறார். மூலப்படம் முகாமில் மழை ஈரத்தில் ஊறி ஒட்டிப்போய்விட்டதாம்.

எதையும் தொடுவதற்கு முன் கணக்கு முழுவதையும் பிரதி எடுத்து, அவள் கண் முன்னாலேயே ஒரு சீடியில் பதிந்தேன். பிறகு பழைய பெயரை அழித்துப் புதியதை அடித்து, மாற்று என்ற பொத்தானை அழுத்தினேன். மாறிவிட்டது என்று பெனல் சொன்னது. தளத்தைத் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை. மேலே ஒரு வரியில் பிழைச் செய்தி.

அவள் எழுந்துவிட்டாள். “படம் எங்க?”

பயனர் பெயர் மாறினால், கோப்புகள் இருக்கும் ஃபோல்டரின் பெயரும் தகவல் களஞ்சியத்தின் பெயரும் கூடவே மாறும். தளத்தின் நிரலோ இன்னும் பழைய பெயரைத்தான் தேடிக்கொண்டிருந்தது. இதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். சீடியைத் திறந்து, அந்தப் படத்தை மட்டும் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது இந்த சீடிக்குள்ள இரிக்கிறது. அங்க இரிக்கிறதையும் இப்ப எடுப்பம்,” என்றேன்.

அமைப்புக் கோப்பைத் திறந்து, பழைய சொல் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் புதியதை எழுதினேன். அழித்து அழித்து அடித்தேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்தபோது முதலில் எழுத்துகள் வந்தன. பிறகு சாரங்களின் படங்கள். அந்தப் பழைய பக்கத்துக்குப் போனேன். எங்கள் லைன் மெதுவானது. படம் மேலிருந்து கீழாக இறங்கியது. முக்காடு, நெற்றி, கண், சிரித்த வாய்.

“கணக்குப் பாடத்தில கெட்டிக்காரி,” என்றாள் அவள். பிறகு, “படத்துக்குக் கீழ சுனாமி என்டு எழுதியிரிக்கே, அத எடுத்துராதீங்க. அது நடந்ததுதானே. சாரம் விக்கிற இடத்தில மட்டும் வேணாம்,” என்றாள்.

ராத்தா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கத்தில் கைவைக்கவில்லை. சீடியை அவளிடம் கொடுத்தேன். கல்முனையில் ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து, படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து லமினேட் பண்ணிக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கே ஒரு சோதனை ஓடரும் போட்டுப் பார்த்தோம். ராத்தாவே ராத்தாவிடம் ஒரு சாரம் வாங்கினார். மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். “ஓம், இது நாங்கதான்,” என்றார்.

போரால் மூடிக் கிடந்த பாதைகள் திறந்திருந்த காலம். சில வாரங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு கலியாண வீட்டார் கைத்தறிச் சேலைகளுக்கு ஓடர் கொடுத்தார்கள். முதல் சேலை போய்ச் சேர்ந்த பிறகு ராத்தா நடந்தே என் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும்.

“ஏசிட்டாங்க புள்ள.”

“ஆரு?”

“யாழ்ப்பாணத்துப் பொம்புள. ஃபோன் எடுத்து, ‘படத்தில இருக்கிற கலர் இல்லை, கரையும் ஒடுக்கமா இருக்கு, என்ன வியாபாரம் செய்யிறியள்?’ என்டு கேட்டா. பாவம் என்டு உடுப்பு அனுப்பல்ல. நான் விடுவனா? வெயிலில படம் எடுத்தா கலர் அப்பிடித்தான் தெரியும் என்டன். கரைய மட்டும் அகலமாப் போட்டுத் தாறன் என்டு ஒத்துக்கிட்டன்.”

அவருக்கு வந்திருந்த சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். ராத்தா நின்றபடியே இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

“நான் கெதியாப் போகணும். அடுத்த வெள்ளிக்கு முதல் மத்தச் சேலையெல்லாம் வேணுமாம்.”