இருபத்து மூன்றால் வகுபடாத எண்

2009-இல் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். திருமுடிவாக்கத்தில் என் கணவர் வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம், “போன் பண்றோம்” என்றார்கள். அதை நம்பி மனிதர் போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். குளிக்கப் போனால்கூட, “போன் வந்தா கதவைத் தட்டு” என்பார்.

பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஆரம்பித்து வைத்தேன். நான் பி.எஸ்ஸி. கணிதம். “ஏங்க, நம்ம போன் நம்பர் பகா எண்ணான்னு பாருங்களேன்” என்றேன். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். எட்டு இலக்கம்தான், ஆனால் அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். அதுவே அறுநூறுக்கு மேல் வரும்.

கால்குலேட்டரை அவர் தொடவே இல்லை. ஒரு நோட்டில் ஒவ்வொரு வகுத்தலாகப் போட்டு, மீதியை வட்டமிட்டுக்கொண்டே போனார். நான்கு மாதம் ஆனது. வேலைக்கான போன் வரவில்லை. கடைசி வகுத்தலை முடித்த அன்று, “எதுக்கும் உடையலடி! நம்ம நம்பர் எதுக்குமே உடையல!” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அடுத்த வாரம், கேஸ் புக் பண்ண மறந்துவிட்டார் என்று ஒரு அல்ப சண்டை. அவரை மட்டம் தட்ட வேண்டும் என்ற வெறியில், ஒரு தாளில் அந்த போன் நம்பரை எழுதி நானே மளமளவென்று வகுத்தேன். இருபத்து மூன்றுக்கு மீதி பூஜ்யம் வந்தது.

“முதல் பக்கத்துலயே தப்பு. இதைக்கூட உங்களுக்கு ஒழுங்கா செய்யத் தெரியல.”

அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். நாற்காலியை பால்கனிக்கு நகர்த்திக்கொண்டார். அதன்பின் போன் அடித்தால் எழுந்து வருவதே இல்லை.

பல மாதம் கழித்து, அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தாள் கிடைத்தது. எண்ணின் நடுவே இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருந்தேன். எங்கள் வீட்டு நம்பரை! சரியாக எழுதி மறுபடி வகுத்தேன். மீதி பதினொன்று வந்தது. ஓடிப்போய் அவரிடம் சொல்லி அழுதேன். தெருவைப் பார்த்தபடியே, “விடு, இப்ப அதுல என்ன இருக்கு?” என்றார்.

லேத்தில் நூலிழை பிசகாமல் கடைந்தவர், இன்று யாராவது ஒரு நம்பரைக் குறித்துக்கொள்ளச் சொன்னால் பேனாவை என்னிடம் நீட்டுகிறார். “நீயே எழுது, நான் தப்பா எழுதிடுவேன்.” தப்பு என்னுடையது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நான் தவறாகச் சொன்ன அந்த ஒரு முறை அப்படியே நம்பியவர், அதன்பின் என் பேச்சை நம்பவே இல்லை.