எங்கள் வம்சத்து வாயு

சென்ற ஆண்டு என் இதயம் தாளம் தப்பித் துடித்தது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்து சரியாக்கினார்கள். "ஃபேமிலில யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டர் கேட்டபோது, "எங்களுக்கு ஹார்ட்டெல்லாம் கிடையாது சார், வாயுதான்" என்றேன், ஏதோ பட்டயம் வாங்கிய பெருமையோடு.

படபடப்பு திரும்பினால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். சில மாதத்தில் திரும்பியது. நான் மயிலாப்பூர் சித்தப்பாவுக்கு போன் செய்தேன்.

"அசடே, நம்மாத்துல யாருக்குடா ஹார்ட்? உங்கப்பா போனதே வாயு நெஞ்சுல ஏறிண்டுதான். மோர்ல பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி."

வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கும் மேதாவியான நானும் குடித்தேன். ஏப்பம் வந்தது. குணமாகிவிட்டதென்று ஊருக்கெல்லாம் அறிவித்தேன். மறுநாள் பாண்டி பஜாரில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது, வாய் கோணியது. மனைவி உடனே ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோனதால், இதயத்திலிருந்து மூளைக்கு ஏறிய ரத்தக்கட்டியைக் கரைத்துவிட்டார்கள்.

"சில குடும்பங்கள்ல இந்தத் துடிப்புக் கோளாறு மரபணுவிலேயே வரும் சார். சரிபண்ணினாலும் திரும்பலாம். அப்பா எப்படித் தவறினார்?" என்று டாக்டர் கேட்டார்.

"வாயு" என்றேன். சொல்லும்போதே கூசியது. டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டது இன்னும் அவமானம்.

இப்போதெல்லாம் உறவில் யார் வாயு என்று முனகினாலும் இசிஜி எடுக்க இழுத்துப் போகிறேன். சித்தப்பாவையும் போன வாரம் இழுத்துப் போனேன். அவருக்கும் அதே தப்புத்தாளம். மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார். ஆனால், "அந்த மிஷினுக்குத்தான்டா வாயு" என்கிறார்.