ஜப்தி அம்மாவும் சலூன் நாற்காலியும்

எங்கள் திவால் கோர்ட்டு நீதிபதியைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஜப்தி அம்மா என்றால் பச்சைக் குழந்தையும் வழி காட்டும். நான் அவருடைய டவாலி. தோளில் குறுக்குப் பட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறப்பதும், கட்சிக்காரர்களைக் கூப்பிடுவதும் என் வேலை. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த அம்மா அங்கே உட்கார்ந்திருந்த காலத்தில், காலையில் கோர்ட்டுக் கதவில் சாவியைப் போடும்போது ஆண்டவன் சந்நிதியைத் திறப்பது போலத்தான் இருக்கும்.

அவர் பஸ் கண்டக்டர் மகள். ஒரு வங்கியில் கடன் வசூல் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தார். வக்கீலானதும் கடன் கொடுத்தவர்கள் பக்கமே நின்றார். கடன்பட்டவர் வீட்டுக் கட்டில், பீரோ, தையல் மிஷின் என்று ஒன்று விடாமல் ஜப்தி செய்து வாங்கிக் கொடுத்துவிடுவாராம். பட்டப்பெயர் அப்போது வந்தது. நீதிபதியான பிறகும் அது அவரை விடவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மதியச் சாப்பாட்டை அவருடைய கணவர் கொண்டுவருவார். கணக்கு வாத்தியார், பேச்செல்லாம் கிண்டல். "வீட்டுல டிவி ரிமோட்டையும் ஜப்தி பண்ணிட்டாங்கப்பா உங்க அம்மா. அப்பீலுக்கு வழி இருக்கான்னு கேட்டுச் சொல்லு" என்பார் என்னிடம். உள்ளேயிருந்து, "தள்ளுபடின்னு சொல்லுங்கண்ணே" என்று அம்மாவின் பதில் வரும்.

அம்மா வந்த புதிதில், கடன்பட்ட ஒருவரின் பெயரை நான் வழக்கம்போல வாசலில் நின்று கூவினேன். அன்று கோர்ட்டு கலைந்ததும் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, ஏலம் விடற மாதிரி கூப்பிடாதீங்க. ஏலம் எப்படியும் பின்னாடி வரத்தான் போகுது. கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் யாரையும் கூவி அழைத்ததில்லை.

கடன்பட்டவரை முதலில் உட்காரச் சொல்வார். "காலையில எழுந்து என்ன வேலை பாக்குறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. கடன் எவ்வளவு என்பது அப்புறம். அதற்காக இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டை மச்சான் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு வந்து கண்ணைக் கசக்கியவர்களை துருவித் துருவிக் கேட்டு, அந்த வீட்டையும் ஏலக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

ஒருநாள் ஒரு சலூன்காரர் வந்தார். பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்து அழகு நிலையம் தொடங்கப் போய், அது படுத்துவிட்டது. திவாலாகிப்போனவரிடமும் அவருடைய தொழில் கருவியை எடுக்கக் கூடாது என்பது சட்டமாம். ஆனால் கடைச் சாமான்களைக் கணக்கெடுக்கப் போன கோர்ட்டு ஊழியர், அமீனா, முடிவெட்டும் பெரிய நாற்காலியை மேசை, பெஞ்சோடு சேர்த்து ஏலக் கணக்கில் எழுதிவிட்டார். நாற்காலி என்றால் மரச்சாமான்தானே என்று நினைத்துவிட்டார், பாவம். அது இருந்தால்தான் சலூன்காரருக்குப் பிழைப்பு.

கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் எழுந்து, "கத்தி, கத்திரி எல்லாம் அவரே வெச்சுக்கட்டும்மா. முடி வெட்டறது கையா, நாற்காலியா? எந்த நாற்காலியில உக்காந்தாலும் முடி வெட்டலாம்" என்றார்.

சலூன்காரரை உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். வலது கையைத் தூக்கினார். அது மார்பு வரை வந்து நின்றுவிட்டது.

"உறுதிமொழியும் அரைகுறைதானா?" என்றார் பைனான்ஸ்காரர். நாலு பேர் சிரித்தார்கள்.

"சட்டை இறுக்கமுங்க" என்றார் சலூன்காரர்.

அம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "நாற்காலி இல்லாட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"சமாளிக்கணுங்கம்மா."

"நாளைக்கு நானே கடைக்கு வந்து பாக்குறேன்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் கடைக்குள் அம்மா, பைனான்ஸ்காரர், சலூன்காரர், நான் மட்டும். மற்றவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தச் சொன்னார். காத்திருப்பவர்களுக்குப் போட்டிருந்த மர நாற்காலியைக் காட்டி, பைனான்ஸ்காரரிடம், "உக்காருங்க. எந்த நாற்காலியும் போதும்னு நீங்கதானே சொன்னீங்க. ஷேவிங் பண்ணிக்குங்க" என்றார்.

"கோர்ட்டு செலவுலயாம்மா?"

"உங்க செலவுல."

சலூன்காரர் நுரை தடவினார். கத்தியை எடுத்த கை தாடை வரை போகத் திணறியது. இடது கையால் முழங்கையை முட்டுக் கொடுத்துத் தூக்கினார். கத்தி தொண்டையருகே நடுங்கியது. கண்ணாடியில் பைனான்ஸ்காரரின் கண் முழி பிதுங்கியது.

"நிறுத்துங்க. இப்ப அந்த நாற்காலிக்கு மாறுங்க."

சலூன்காரர் காலால் மிதியை அழுத்தினார். பெரிய நாற்காலி மெல்ல இறங்கியது, பின்னால் சாய்ந்தது, தலை அவருடைய மார்புக்கு நேராக வந்து நின்றது. அதே கை இப்போது நீரில் போகும் ஓடம் மாதிரி போனது. பாதியில் பைனான்ஸ்காரர் கண் சொக்கிவிட்டார்.

கத்தியைத் துடைத்தபடி சலூன்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தோள் போய் ரொம்ப நாளாச்சும்மா. வெளிய தெரிஞ்சா எவன் கழுத்தக் குடுப்பான்? அதான் வாயத் தொறக்கல."

"நான் நாற்காலியத்தான் பாக்க வந்தேன். பாத்துட்டேன்" என்றார் அம்மா.

பைனான்ஸ்காரர் எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார். காசை வைத்துவிட்டு வெளியே போனார்.

தீர்ப்பு சொன்ன அன்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஏறி இறங்கிச் சாயும் இந்த நாற்காலி இல்லாமல் இந்தத் தொழில் நடவாது, ஆகையால் இது கருவி என்று வாசித்தார். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதே மூச்சில், சுவர் நிறைந்த கண்ணாடிகள், பெஞ்சு, அழகு நிலையச் சாமான் அத்தனையும் ஏலம் என்றார். "கண்ணாடியாவது..." என்று சலூன்காரர் இழுத்தார். "கடன் குடுத்தவரும் வெறுங்கையோட போகக் கூடாதுங்க" என்று அம்மா அடுத்த வழக்குக் கட்டை எடுத்துவிட்டார். ஆண்டவன் தராசை மனுஷர் கையில் கொடுப்பதில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வெகுகாலம் கழித்துத் தொழிலை விட்ட பிறகு சலூன்காரர் தன் தோளைப் பற்றி அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

அந்த ஏலம் முடிந்த வாரமே முடிவெட்டி ஷேவிங் பண்ணிக்கொள்ளப் போனேன். கண்ணாடி இருந்த இடமெல்லாம் சுவர் வெளுத்துக் கட்டம் கட்டமாகக் கிடந்தது. நடுவில் அந்த நாற்காலி.

"கண்ணாடி இல்லாம எப்படிங்க பாத்துக்கறது?" என்றேன்.

"நான் சொல்றேன்ல. நல்லாருக்குன்னா நம்பிட்டுப் போங்க. உக்காருங்கண்ணே."

மிதியை அழுத்தினார். நாற்காலி இறங்கியது. நான் கண்ணை மூடிக் கழுத்தைக் காட்டினேன்.